மெழுகு உடையாத முடிச்சு

மாமா,

உங்கள் தகரப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது சிக்கு வாடை. எண்ணெய் கசிந்து பழசாகிப்போன கடலையின் வாடை. கூடவே லேசாக மெழுகுவத்தி வாசம். ஒரு நிமிஷம், நீங்கள் உள் அறையிலிருந்து "ஏத்தா, யாரு அங்கிட்டு?" என்று கேட்டுவிடுவீர்களோ என்று கையை எடுத்துவிட்டேன்.

முன்னறையில் கரையான் ஏறிவிட்டது. பெட்டியை வெயிலில் எடுத்து வை என்று உங்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் சொன்னார். எடுத்து வைக்கலாம், சாவிக்கு எங்கே போவது? நீங்கள் கண்ணை மூடிய அன்றே உங்கள் அரைஞாண் கயிற்றிலிருந்து அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு திருமயம் போனவர் உங்கள் மகள். "அப்பா பொட்டிய யாரும் தொறக்கப்படாது" என்று பொதுவாகத்தான் சொன்னார், பார்வை மட்டும் என் மேல் இருந்தது. கரையான் என்றதும் நாத்தனாருக்கு மனசு இறங்கியது. நேற்று பஸ் ஏறி வந்து, பூட்டைத் திறக்கும்வரை என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். நகையும் இல்லை, பத்திரமும் இல்லை, வெறும் கடலை முடிச்சுகள்தான் என்று தெரிந்ததும், "இதுக்கா இம்புட்டுக் காவல்!" என்று டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் அடியில் கிடந்த பச்சைத் துணி முடிச்சைப் பார்த்தேன். அது அங்கே இருக்கக் கூடாது மாமா. பிரித்துவிட்டேன் என்று நீங்களே உங்கள் வாயால் சொன்ன முடிச்சு அது. பொய்யா சொன்னீர்கள்? நேற்றிலிருந்து தையல் மெஷினில் உட்காரவே ஓடவில்லை.

கறம்பக்குடி கடலை மண்டியில் உங்கள் மாதிரி முடிச்சைத் தெரியாத ஆள் கிடையாது. லோடு வந்து இறங்கினால் ஒரு கைப்பிடி எடுத்து, விற்கிறவன் கண்முன்னே துணியில் கட்டி, முடிச்சின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள் கட்டைவிரலை அழுத்தி வைப்பீர்கள். அதுதான் மாதிரி. பிந்தி வரும் லோடில் தகராறு என்றால் எல்லார் முன்னிலையிலும் மெழுகை உடைத்து, மாதிரியையும் வந்த சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்ப்பீர்கள். ஒத்துப்போனால் அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு நீங்கள் சொன்ன முதல் புத்திமதியே இதுதான்: "முடிச்ச மட்டும் பாத்து ஏமாந்துறாதத்தா. அடித்துணியத் திருப்பிப் பாரு. கள்ளப்பய அங்கிட்டுக் கிழிச்சுத் தச்சிருப்பான்."

பால்காரர் மேல் சந்தேகம், சிலிண்டர் எடை மேல் சந்தேகம், டிவியில் மழை வரும் என்றால் அதன் மேலும் சந்தேகம். நானும் சளைத்தவள் இல்லை. தையல்காரி. துணிக்கடையில் அளந்து கொடுத்த மீட்டரை வீட்டில் வந்து இன்னொரு தரம் அளக்கிறவள். இப்படி இரண்டு சந்தேகப் பிறவிகளை ஒரே கூரைக்குக் கீழே விட்டுவிட்டு உங்கள் மகன் பிளேன் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் அந்த நோய் வந்தது. கீழே எங்கோ ஆரம்பித்த புற்று முதுகெலும்பில் ஏறியிருந்தது. குனிந்து சாக்கு தைக்கும் ஆள், கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தீர்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வலிக்கென்று தனியாக இருக்கும் டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரை போட்ட மத்தியானம் நீங்கள் தூங்கினீர்கள். எத்தனை நாளைக்குப் பிறகு! வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு. நான் மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் குறட்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

எழுந்ததும் என்ன கேட்டீர்கள், தண்ணீரா? "சரக்கு நல்ல சரக்குத்தா. ஒரு துண்டுத் துணி குடு, மாதிரி எடுத்து வைப்போம்" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. தைக்க வந்த ரவிக்கையில் மிஞ்சிய இலைப்பச்சைத் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு மாத்திரைகளை அதில் வைத்துக் கட்டினீர்கள். வீட்டில் மெழுகுவத்தி தீர்ந்திருந்தது. உங்கள் பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய ரோஸ் நிறக் குச்சி ஒன்றுதான் இருந்தது. அதை முழுக்க உருக்கி ஊற்றிக் கட்டைவிரலை அழுத்தினீர்கள். கோணி ஊசி ஏறி ஆறிய தழும்பு குறுக்கே ஓடும் விரல். வேறு யாருக்கும் அந்த ரேகை கிடையாது. முடிச்சை, அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினீர்கள்.

சில வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு மாத்திரை போட்டும் வலி விடவில்லை. முதலில் நேரத்துக்கு முன்னாடியே அடுத்ததைக் கேட்டீர்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்க்க ஆரம்பித்தீர்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தராசுத் தட்டில் விரல் வைக்கிற ஆளைப் பார்க்கும் பார்வை.

"ஏத்தா, இங்கிட்டு வா. இந்த மாத்திரை எங்க வாங்குனது?"

"ஆஸ்பத்திரிலதான் மாமா. வேற எங்கிட்டுக் குடுப்பாங்க?"

"மொதல்ல வாங்குனதும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். அட்டையில இருக்க பேரைப் படிக்கட்டுமா?"

"பேரு எவன் வேணா அடிப்பான்." நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "கசப்பு கொறஞ்சிருக்கு" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஒன் தம்பி மெடிக்கல்லதான நிக்கிறான்?" என்றீர்கள்.

அட பாவி மனுஷா என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். என் தம்பி நிற்கிற கடையில் அந்த மாத்திரையே கிடையாது, கண்ட கடையெல்லாம் அதை விற்க அனுமதியும் கிடையாது. ஆஸ்பத்திரியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் தருவார்கள். பத்திரமாக வை என்று அவர்கள் சொன்னதால் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பூட்டும் உங்களுக்குச் சந்தேகமாகிவிட்டது. நான் நல்ல மாத்திரையை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு உருண்டையை உங்களுக்குக் கொடுக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டீர்கள்.

அந்த வாரம்தான் நாத்தனார் உங்களைப் பார்க்க வந்து தங்கினார். அவர் பங்குக்கு அக்கம்பக்கத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "அது போதை மாத்திரையாம்ல. எங்க அப்பாவ மயக்கத்துலயே போட்டு வச்சிருக்கா." நான் மருந்தைக் குறைத்துவிட்டேன் என்று அப்பா, கூட்டிவிட்டேன் என்று மகள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வேனில் வீடு வீடாக வரும் சிஸ்டரிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, மருந்து மாறல. ஒங்க ஒடம்பு அதுக்குப் பழகிருச்சு" என்று ஆரம்பித்து நிதானமாகச் சொன்னார். நான் பிளஸ் டூவில் சயின்ஸ் படித்தவள். ஏற்பி என்ற சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. மிச்சத்தை அப்புறம் போனில் தேடிப் படித்தேன்.

அதை இப்போது உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன், அன்றைக்கு நீங்கள் என்னைச் சொல்லவிடவில்லை. நரம்புச் செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் என்று சின்னச் சின்னப் புரதங்கள் நிற்கின்றன. மார்பின் போய் அவற்றில் உட்கார்ந்தால் வலிச்செய்தி அடங்கிவிடும். நாள் தவறாமல் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தால் செல் சும்மா இருப்பதில்லை. ஏற்பியின் உள்பக்க வாலில் ஓர் அடையாளம் வைக்கிறது. அடையாளம் விழுந்த ஏற்பியை இன்னொரு புரதம் வந்து பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு மருந்து உட்கார்ந்தாலும் செய்தி சரியாகப் போகாது. அதோடு விடுவதில்லை. செல் தன் தோலையே உள்பக்கமாக மடித்து, ஒரு சிறு பையாக்கி, அந்த ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிலவற்றை அடையாளத்தை அழித்துத் திரும்ப மேலே அனுப்பும். சிலவற்றை உள்ளேயே அரைத்துத் தீர்த்துவிடும். இப்படியே போனால் வெளியே நிற்கிற ஏற்பிகள் குறைந்துபோகும். மாத்திரை அதே மாத்திரைதான். வாங்குகிற கை குறைந்துவிட்டது.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லது ஒன்று தினமும் தானாக வந்து விழுந்தால், இதில் என்னவோ இருக்கிறது என்று உஷாராகிற செல். உங்கள் உடம்பில் உங்களைப் போலத்தானே இருக்கும்!

சிஸ்டர் சொன்னதை நீங்கள் முழுக்கக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, "அதாவது, கடலை அளவுக்கு மீறி வந்து குவிஞ்சா மண்டிக்காரன் தராச உள்ள எடுத்து வச்சுக்குவான். அப்பிடிங்குறீங்க" என்றீர்கள்.

"அப்பிடியேதான் ஐயா" என்றார் சிஸ்டர். "கட்டி வளந்தாலும் வலி கூடும். எதுவா இருந்தாலும் மருந்த டாக்டர் சொல்ற அளவுக்குக் கூட்டணும். இதுக்குப் பேரு அடிமையாகுறது இல்ல. நீங்களா நிப்பாட்டிறவும் கூடாது." டாக்டரிடம் போனில் பேசி அளவைக் கூட்டி எழுதினார்.

வேன் தெருமுனை திரும்பியதும் நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். "மட்டச் சரக்க ரெட்டிப்பா அள்ளிப் போட்டுச் சரிக்கட்டுறது எல்லா யாவாரியும் பண்றதுதான். எனக்கு வேணாம்" என்றீர்கள். பழைய அளவுக்கு மேல் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள். உங்கள் வலிக்கு மருந்து என் டிராயரில் இருக்கிறது, அது என் கையிலிருந்து வருகிறது என்பதாலேயே உங்களுக்கு வேண்டாம். இதைவிட ஒரு மருமகளுக்கு என்ன வேண்டும் மாமா? அன்று உங்களை வெறுத்தேன். உங்கள் வலியைப் பார்த்து அழுதேன். இரண்டும்தான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினேன். "மட்டச் சரக்குன்னா, மொத மாத்திரை போட்ட நாள்லருந்து வெளிக்குப் போகாமக் கட்டுன வயிறு ஏன் மாமா இன்னும் கட்டுது? தினமும் வாழைப்பழம், வெந்நீ, சிஸ்டர் குடுத்த மருந்துன்னு அல்லாடுறோம்ல? சுண்ணாம்பத் தின்னா இப்பிடியா ஆகும்? இந்த மாத்திர வலிக்குத்தான் பழகும், வயித்துக்குப் பழகாதுன்னு சிஸ்டர் அன்னைக்கே சொன்னாங்கள்ல?"

எனக்கு அடங்கவில்லை.

"மாதிரி வச்சிருக்கீங்கள்ல? எடுங்க. மெழுக ஒடைங்க. ஒங்க மக முன்னாடியே போட்டுப் பாருங்க. அதுக்கும் வலி கேக்கலைன்னா என்ன சொல்லுவீங்க? என்னையத்தான் நம்ப மாட்டீங்க, ஒங்க கட்டவெரலையாச்சும் நம்புங்க!"

மெஷினில் போய் உட்கார்ந்தேன். துணியே வைக்காமல் மிதித்தேன். சத்தம் இருந்தால் அழுகிறது கேட்காது பாருங்கள்.

அடுத்த நாள் காலை நாத்தனார் உங்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள், இரண்டு பேரும் கேட்கும்படி சொன்னீர்கள்.

"மாதிரியப் பிரிச்சுப் பாத்துட்டேன். விடியக்கால இவ குடுத்தத ஓரமா வச்சுட்டு, பழச எடுத்துப் போட்டேன். அதுவும் இம்புட்டுத்தான் கேக்குது. சரக்கு ஒண்ணுதான். இவ மேல குத்தமில்ல." பிறகு மகளைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றீர்கள். அவர் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் பக்கம் திரும்பி, "ஏத்தா, கூட்டிக் குடு" என்றீர்கள்.

கூட்டிக் கொடுத்தேன். மறுநாளைக்குள் துண்டைக் கடிப்பது நின்றது. தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தீர்கள். அவித்த கடலை கேட்டீர்கள். ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கத்துக் கடலை இல்ல, எவனோ ஒன் தலையில கட்டிட்டான்" என்று என்னைத் திட்டினீர்கள். அந்தத் திட்டுக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். வலி மறுபடி தலைதூக்கியபோது சிஸ்டர் இன்னொரு தரம் கூட்டினார், நீங்கள் மறுப்பே சொல்லவில்லை. ஒரு பகல்வேளையில், முகம் சுளிக்காமல், அடங்கிப் போனீர்கள்.

மிஞ்சிய மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தேன். "ரெண்டு கொறையுதே" என்றார் சிஸ்டர். மாமா மாதிரிக்கென்று எடுத்து வைத்திருந்தார், பிறகு அவரே போட்டுக்கொண்டார் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். உங்களால் அந்த நல்ல மனுஷியிடம் நான் பொய் சொன்னவளாகிவிட்டேன், பாருங்கள்.

ஆனால் இவ்வளவு நாளும் எனக்குள் ஒரு கறுவல் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற அப்பாவுக்குச் செய்வது போலத்தான் செய்தேன். கடைசியில் எனக்குச் சாட்சி சொன்னது ஒரு மாத்திரை. மாத்திரையை நம்பினீர்கள், என்னை நம்பவில்லை. மாதிரி மட்டும் இல்லாவிட்டால் சாகும்வரை நான் திருடிதானே? உங்கள் படத்துக்குப் பூப் போடும்போதும் இதை நினைக்காமல் போட்டதில்லை.

இப்போது அந்த முடிச்சு என் மடியில் இருக்கிறது.

எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை மாமா, நான் உங்கள் மருமகள். மெழுகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. தழும்பு குறுக்கே ஓடுகிறது. பிரித்து மறுபடி கட்டியிருப்பீர்களோ? ரோஸ் மெழுகு அன்றோடு தீர்ந்துவிட்டது, கட்டிலை விட்டு இறங்க முடியாத ஆள் இன்னொன்றுக்கு எங்கே போவீர்கள்? அடித்துணியைத் திருப்பிப் பார்த்தேன். கிழிசல் இல்லை, தையல் இல்லை. தையல் விஷயத்தில் என் கண்ணில் யாரும் மண் தூவ முடியாது. விரலால் தடவினேன். இரண்டு மாத்திரையும் உள்ளேயே இருக்கின்றன.

ஆகக்கூடி நீங்கள் பிரிக்கவே இல்லை. அன்று ஓரமாக வைத்தேன் என்றீர்களே ஒரு மாத்திரை, அது எங்கே என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. எனக்கு! ஓரமாக எதையும் வைக்கவில்லை, நான் கொடுத்ததைத்தான் விழுங்கியிருக்கிறீர்கள்.

அப்படியானால் ஏன் சொன்னீர்கள்? வலி தாங்காமல், வீம்பை விட ஒரு சாக்கு தேடினீர்களோ என்று நேற்றுப் பூராவும் யோசித்தேன். அது பொருந்தவில்லை. சாக்கு வேண்டுமென்றால் "கூட்டிக் குடு" என்றால் போதும், நான் ஓடி வந்திருப்பேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவ மேல குத்தமில்ல" என்று சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. நாத்தனார் உங்கள் ரத்தம். மருமகளை நம்புகிறேன் என்று வெறும் வாயால் சொன்னால் அவர் ஏற்கமாட்டார். மாதிரி ஒத்துப்போனது என்றால் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மண்டிக்காரர் மகளுக்கு அது தெரியும். நானும் சாட்சி இல்லாமல் எதையும் நம்பாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைக்க, இருக்கிற ஒரே சாட்சியை உடைக்காமலேயே உடைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் ஆயுசில் நீங்கள் பிரித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட சரக்கு என் வார்த்தை ஒன்றுதான் மாமா. அதையும் என்னிடம் சொல்லாமல் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்ன மனுஷன் நீங்கள்!

இன்று காலை சிஸ்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த மாத்திரை வீட்டில் இருக்கவே கூடாது, உடனே கொண்டு வாங்க என்றார். கொடுக்கத்தான் வேண்டும். மெழுகை உடைக்க மட்டும் கை வரவில்லை. முடிச்சைக் கவிழ்த்து வைத்து, அடித்துணியைக் கத்தரித்து, இரண்டையும் எடுத்து ஒரு கவரில் போட்டேன். பிறகு பச்சை நூலைத் தேடி எடுத்து, கையாலேயே அடியைத் தைத்தேன்.

எவ்வளவு நெருக்கிப் போட்டும் தையல் தெரியத்தான் செய்கிறது. நீங்கள் வந்து திருப்பிப் பார்த்தால், "ஏத்தா, இத யாரு பிரிச்சா?" என்றுதான் கேட்பீர்கள். நான்தான் மாமா. கேளுங்கள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வராது.